மூச்சுக்குமா பிரேக்கு?

கார் ஓட்டப் பழக்கும் பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் 'பிரேக் வாத்தியார்'. பயிற்சி வண்டியில் வாத்தியார் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. தெருவில் ஒரு பூனை கொட்டாவி விட்டாலும் அவருக்கு ஆபத்துதான். இருபத்தோரு வருஷத்தில் வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமையில் அவர் கால் தரையில் பாவாது. பாவுவதற்கு நேரமேது? அது எந்நேரமும் பிரேக்கின் மேல்தானே கிடந்தது!

அந்தப் பெருமையில் மண் விழுந்தது சொந்த மனைவியால். அவரிடமே ஓட்டப் பழகிய அவள், உரிமத்துக்கான பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றாள். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்திலிருந்த அதிகாரி அலறிக்கொண்டு வாத்தியார் பிரேக்கை மிதித்துத்தான் வண்டி நின்றது.

"ஏம்மா மிதிக்கல?" என்றார் வாத்தியார்.

"அதுவா பிடிக்கும்னு நினைச்சேன். நாலு மாசமா அப்படித்தானே பிடிச்சுது?"

வாத்தியார் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்:

"அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பரீட்சை. வியாழக்கிழமை ஒரே ஒரு வகுப்பு வச்சுக்கலாம். அன்னைக்கு உங்க கால் ஒரு தடவ அழுத்துச்சுன்னா, நான் எதிர்த்தெரு பள்ளிக்குப் போயிடுவேன்."

எதிர்த்தெருப் பள்ளியின் முதலாளி இவரிடமே ஓட்டப் பழகியவன். மானம் கப்பலேறிவிடும்.

காலை அடக்க மருந்து கேட்டு, மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனனிடம் ஓடினார். அவன் சிரித்தான். "இதுக்கு மாத்திரை இல்ல அத்தான். தினமும் காலைல பத்து நிமிஷம் கண்ண மூடி உட்காருங்க. மூச்ச ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. நடுவுல நினைப்பு வந்தா வரட்டும். அது போனதும் மறுபடி ஒண்ணு."

"இவ்வளவுதானா? பத்து வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியாதா?"

மறுநாள் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்று. இரண்டு. மூன்றில் எதிர்த்தெருக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நினைப்பில் வந்தான். வாத்தியாரின் வலது கால் 'டப்'பென்று தரையை மிதித்தது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, மூச்சுக்குமா பிரேக்கு?"

இரண்டாம் நாள் பதினொரு 'டப்'. எண்ணிச் சொன்னது மனைவிதான். மூன்றாம் நாள் சத்தமே இல்லை, மனிதர் தூங்கிவிட்டார். ஆனாலும் விடாக்கண்டர், மறுநாளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் நாள் எதிர்த்தெருக்காரன் மறுபடி வந்தான். கால் துடித்தது. வாத்தியார் மூச்சை மட்டும் பார்த்தார். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் பெரிதாவதுபோல் அவன் பெரிதாகி, பக்கத்தில் வந்து, தாண்டிப் போயே போய்விட்டான். யாருக்கும் அடிபடவில்லை. மிதிக்காமலும் சில சங்கதிகள் கடந்துபோகும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை. மனைவி ஓட்ட, வாத்தியார் பக்கத்தில். சற்றுத் தூரத்தில் ஒரு சந்திலிருந்து லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வாத்தியாரின் கால் எழுந்தது.

"ஒண்ணு," என்றார்.

"என்னத்த எண்ணுறீங்க?"

"மூச்ச. ரெண்டு."

"மனசுக்குள்ள எண்ணித் தொலைங்க! இங்க எனக்கு மூச்சே வரல!" என்று கத்திக்கொண்டே அவள் மிதித்தாள்.

லாரிக்கு இரண்டு ஆள் நீளம் முன்னால் வண்டி அழகாக நின்றது.

"பிடிச்சது நானா, நீங்களா?"

"குனிஞ்சு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் கால் பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே, அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "கீழ வைங்க. வலிக்கும்."

வெள்ளிக்கிழமை பரீட்சை அலுவலகத்தின் வாசல் பெஞ்சில் வாத்தியார் கண்ணை மூடி உட்கார்ந்தார். எட்டு. ஒன்பது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்து!

கண்ணைத் திறந்தால் எதிரே பள்ளி வண்டி. மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"பாஸ்! வாங்க, வீட்டுக்கு நான் ஓட்டுறேன்."

அவர் வழக்கமான பக்கத்துக் கதவில் கை வைத்தார்.

"அங்க இல்ல," என்றாள். "பின்னாடி ஏறுங்க."