முதலில் யார் பேசுவது

எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டங்கள் எல்லாம் சுந்தரபாண்டி, சௌந்தரபாண்டி என்ற இரட்டையரின் மனதில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்குச் சொல்வதை அதே நொடியில் மற்றவருக்கும் சொல்லிவிடுவோம். ஒருவர் பழுதானாலும் இன்னொருவர் இருப்பார். அவர்களைப் பராமரிப்பது என் வேலை.

திங்கட்கிழமை சௌந்தரபாண்டி பழுதானார். எந்தப் பதிவெண்ணைச் சொல்லிக் கேட்டாலும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதிவாளர் ஹெப்சிபா மேடத்திடம் போனேன்.

"புது ஆள் வருவாரு. சுந்தரபாண்டி எல்லாத்தையும் அவருக்குச் சொல்லிட்டா முடிஞ்சுது. இந்த வாரம் உன் பட்டத்தையும் சரிபார்க்கணும், தெரியுமில்ல? அதுக்கப்புறம்தான் வேலை நிரந்தரம்."

தெரியும். எங்கள் வீட்டில் இதுவரை வாங்கிய ஒரே பட்டம் அது. இப்போது சுந்தரபாண்டி ஒருவரிடம் மட்டும் இருந்தது.

"வேற ஊர்ல மூணாவதா ஒருத்தரை வைக்கலாம்னு அப்பவே கேட்டேனே மேடம்."

"அப்ப ரெண்டு பேர் இருந்தாங்க, மூணாவது தேவைப்படல. இப்ப ஒருத்தர்தான் இருக்காரு. முதல்ல ரெண்டாவதைப் பாரு."

புது ஆள் எட்டியப்பன். மனதில் எதுவும் இல்லாதவர், அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். விதி ஒன்றுதான்: இருவரில் முதலில் பேசுபவரிடம் இருப்பது மற்றவருக்குப் போகும். அதைச் சுந்தரபாண்டியிடம் பலமுறை சொன்னேன்.

"வந்தவரை உட்கார வெச்சிட்டு நானே பேசினா நல்லாவா இருக்கும் பாப்பா?" என்றார்.

எதிரெதிரே உட்கார வைத்தேன். சுந்தரபாண்டி, "நீங்கள் முதலில்" என்பதுபோல் கையை மட்டும் காட்டினார். எட்டியப்பன் பாதி எழுந்து, "இல்லை, நீங்கள்" என்பதுபோல் கையைக் காட்டினார். மதியம்வரை இப்படியே போனது.

"அண்ணே, வாயைத் திறங்கண்ணே!" என்று சுந்தரபாண்டியிடம் கத்தினேன்.

எட்டியப்பனுக்குத்தான் சங்கடம் தாங்கவில்லை. "சாப்டீங்களா?" என்றார்.

சுந்தரபாண்டியை நாற்காலியோடு பின்னால் இழுத்தேன். அதற்குள் கலை, அறிவியல், பொறியியல் எல்லாம் போய்விட்டன. "சாப்டீங்களா?" என்றார் அவரும்.

பதிவாளர் வந்து ஒரு பதிவெண்ணைச் சொன்னார். இருவரும் ஒரே குரலில், "சாப்டீங்களா?"

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றாங்க. சரியாயிடுச்சு," என்று பச்சை விளக்கைப் போட்டார்.

மறுநாள் சரிபார்ப்பு. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிப் பட்டத்தை உறுதிசெய்துகொண்டு போனார்கள். நானும் என் பதிவெண்ணைச் சொன்னேன்.

"சாப்டீங்களா?"

சாப்பாட்டு டப்பா பையில் திறக்காமல் இருந்தது. பொய் சொல்ல வரவில்லை.

"இன்னும் இல்ல."

"அரியர்," என்று பதிவாளர் குறித்துக்கொண்டார். "ஏம்மா, வரும்போது ரெண்டு இட்லியாவது பிட்டுப் போட்டுட்டு வந்திருக்கக் கூடாது?"

வெள்ளிக்கிழமை அரியர் தேர்வு. எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். வாசலில் மேற்பார்வையாளர் டப்பாவைத் திறந்து பார்த்து, தேர்வறையில் துணைக்கு எதுவும் கூடாதென்று ஊறுகாயை மட்டும் வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்.