கண்ணாடி மாதிரி ஒரு டீசல் பைப்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. குளியலறைக் குழாயின் பளபளப்பு உரிந்துபோய், புதுப்பூச்சுக்காக ஒரு முலாம் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு பெண் குரல்:

"டீசல் பைப்புக்கு எதுக்குப்பா மினுக்கு? உள்ள ஓடப் போறது டீசல்தானே?"

பதில் சொல்ல ஓர் ஆண் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து யாரோ மெருகு மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். பதில் போயிற்று. கேள்வி மட்டும் என் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது. மோட்டாரைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள்.

2

தொடக்கம்.

"காலைச் சூரியன் தகரக் கூரைக்குப் பொன்முலாம் பூசிக்கொண்டிருந்த—"

வேண்டாம். முலாம் கடைக் கதையில் சூரியனும் முலாம் பூசினால் தொழில் போட்டி.

"ஆசிட் நெடிக்கு நடுவே அவள் ஒரு மலரைப்போல—"

இது அதைவிட மோசம். அவள் கையில் ரப்பர் உறை, தலையில் பழந்துணி, வாயில் எப்போதும் ஒரு பதில். மலராம்.

அவளை அக்கா என்று வைத்துக்கொள்வோம். புருஷன் முலாம்காரர், கடை அவருடையது, கல்லாப் பக்கம் இவளுடையது. கூடப்பிறந்த தம்பி ஒருவன், டீசல் எஞ்சின் மெக்கானிக். ஆட்கள் இவ்வளவுதான்.

(எனக்கு வருணனை வராது. ஆட்கள் பேசுவது கேட்கும். எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று கேட்டால் விழிப்பேன். கடையில் நாற்காலி எந்த மூலையில் இருக்கிறது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

3

தம்பியும் முலாம்காரரும் பேசிக்கொள்வதில்லை. ஏதோ வாக்குவாதத்தில் தம்பி சொல்லிவிட்டான்: "நீங்க மேல்பூச்சு ஆளு அத்தான். உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் சொன்னது எஞ்சினைப் பற்றி. இவர் கேட்டுக்கொண்டது தன்னைப் பற்றி. அன்றிலிருந்து மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அக்கா தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறாள், தனியாக வருகிறாள். இரண்டு வீட்டிலும் அவளுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

பிறகு ஒரு நாள் அவனே கடை வாசலில் நின்றான், துணியில் சுற்றிய கட்டோடு. பம்பிலிருந்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு, பெரும் அழுத்தத்தில் டீசல் கொண்டுபோகும் இரும்புக் குழாய்கள். தன் பட்டறை முகப்பில், வருகிறவர்கள் பார்க்க, ஓர் எஞ்சினை ஓட்டிக் காட்டப் போகிறானாம்.

"வேற முலாம் கடையே கிடைக்கலையாடா?"

"கிடைச்சுது. அதான் இங்க வந்தேன்."

அக்காவுக்குப் புரிந்தது. மன்னிப்பு வாயில் வராத ஆண்கள் இப்படி வேலையாகத்தான் கொண்டுவருவார்கள்.

"என்ன பூச்சு? குரோம் இருக்கு, நிக்கல் இருக்கு, மஞ்சள் ஜிங்க், கறுப்பு, தங்கக் கலரு. டீசல் பைப்புக்கு எதுக்குப்பா மினுக்கு? உள்ள ஓடப் போறது டீசல்தானே?"

மோட்டார் விழுங்கிய பதிலை இங்கே நான்தான் போட வேண்டும். போடுகிறேன்:

"மினுக்கெல்லாம் இல்லக்கா. கண்ணாடி மாதிரி இருந்தாப் போதும்."

4

"கண்ணாடி மாதிரி வேணுமாம்."

"யாருக்கு?"

"உங்க மச்சினனுக்கு."

முலாம்காரர் முலாம் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "கண்ணாடின்னா சொன்னான்?"

"கண்ணாடின்னுதான்."

வேலையாளிடம் கொடுக்கவில்லை, தானே உட்கார்ந்தார். ஒரு சொட்டு ஆசிட்கூட உள்ளே போகாதபடி குழாய்களின் வாயை ரப்பரால் அடைத்தார். ("வாயடைக்கிறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது." "அது எனக்குத் தெரியாதா?") வளைவுகளைக் கையாலேயே மெருகேற்றினார். நிக்கல், அதன்மேல் குரோம். ஆசிட் பட்ட இரும்பு உள்ளுக்குள் நொறுங்கும் குணம் கொண்டுவிடும் என்பதால், எடுத்த சூட்டோடு அடுப்பில் வைத்துப் பக்குவப்படுத்தினார். கடைசியில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

(எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. மச்சினன் வேலையை இவ்வளவு ஆசையாகச் செய்கிறவர் ஏன் இத்தனை காலம் பேசவில்லை? ஆழமான காரணமாக ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தேன். அவரையே கேட்டேன். "அவன் முதல்ல பேசட்டும்னுதான்" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

5

தம்பி வந்து கட்டைப் பிரித்தான்.

"என்னக்கா இது?"

"நீ கேட்டதுதான். கண்ணாடி."

"நான் கேட்டது கண்ணாடிக்கா. இது கண்ணாடி."

அவன் கேட்டது ஜன்னல் கண்ணாடி: இரும்பு இரும்பாகவே தெரியும்படி மேலே நிறமில்லாத வார்னிஷ். இவள் கொண்டுபோய்ச் சேர்த்தது முகம் பார்க்கும் கண்ணாடி. (இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியை நான் குறை சொல்ல மாட்டேன். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.)

"அவர்கிட்ட கேளுக்கா, பைப்புல கீறல் விட்டா இந்த மினுக்குக்குக் கீழ எப்படித் தெரியும்னு."

அவர் ரப்பர் உறை போட்ட கையோடு மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்.

"அவன்கிட்ட சொல்லு, எந்தக் கண்ணாடின்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்னு."

"உரிச்சுத் தரச் சொல்லுக்கா."

"உரிக்கணும்னா மறுபடி ஆசிட்டு. இரும்பு வீணாப்போகும்னு சொல்லு."

தம்பி வெறும் துணியை மட்டும் மடிக்கத் தொடங்கினான். குழாய்களை விட்டுவிட்டுப் போகப்போகிறான். போனால் இந்த வாசலை இனி மிதிக்கமாட்டான். அக்காவுக்கு அது தெரிந்தது.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப்போறதில்ல" என்றாள். "ஒரே ஒரு வார்த்தையை வாசல்ல இருந்து தொட்டி வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். அதுக்குள்ள அது வேற சாமானா மாறிப்போச்சு. தப்பு என்னோடது. இனிமே அவங்கவங்க பேச்சை அவங்கவங்களே சுமந்துக்குங்க."

சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் கையுறையைக் கழுவத் தொடங்கினாள். கழுவினதையே கழுவினாள்.

6

முதல் முடிவு: தம்பி போய்விடுகிறான். எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம் அக்கா என்னோடு பேச மறுத்துவிட்டாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: மச்சான்மார் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்; குழாயில் மூன்று முகங்களும் ஒன்றாகத் தெரிகின்றன. படித்துப் பார்த்தேன். அசல் குரோம். தொட்டால் விரல்ரேகை விழும்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. கேட்டது.

"ஆசிட்டுல இருந்து எடுத்ததும் சூட்டுல வச்சீங்களா?" யாரையும் பார்க்காமல் தம்பி கேட்டான். அறையில் அவனைத் தவிர இருந்தது ஒரே ஓர் ஆள்.

"வைக்காம? எனக்கே பாடமா?"

"எவ்வளவு நேரம்?"

"வேண்டிய நேரம்."

"அது ஒரு கணக்கா அத்தான்?"

"எஞ்சின்ல அழுத்தம் எவ்வளவுன்னு நீ சொன்னியா மாப்ள? பச்சைப்பிள்ளையைச் சுத்தற மாதிரி சுத்திக் குடுத்துட்டுப் போயிட்ட."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எங்க கேக்கறது? பேசினாத்தானே?"

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"மாட்டி ஓட்டினா தாங்குமா?"

"என் வேலை தாங்கும். உன் எஞ்சினைப் பத்தி எனக்குத் தெரியாது."

"வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் கதி என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காகத் தூரத்துல நின்னு பார்க்கச் சொல்றியா?"

"அப்ப வாங்க. அந்த ரப்பர் உறையைக் கழட்டிட்டு வாங்க அத்தான், அதோட ஸ்பேனர் பிடிக்க முடியாது."

இங்கே ஒரு முற்றுப்புள்ளி வைக்கலாம் என்று பேனாவைக் கொண்டுபோனேன். ஸ்பேனர் அளவைப் பற்றிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. என்னால் குறுக்கே பேச முடியவில்லை. குழாய் தாங்கியதா, கீறல் விட்டதா என்று எனக்குத் தெரியாது. எஞ்சினைக் கிளப்புவது உங்கள் பாடு. நீங்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர்கள் இரண்டு பேரும் கிட்டத்தில்தான் நிற்கிறார்கள்.