ஒரு ஜோடி கிளவுஸ்

அன்புக்கரசியால் ஒரே இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, மை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிற வேலை.

ஆழ்வார்பேட்டையில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கும் ஜானு, வெள்ளை ரெசின் ரோஜாக்களைப் பை பையாகக் கொடுப்பாள். ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கும். அதன் மேல் சிவப்பு மையைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இதழ் இதழாக ஓடிப் பரவும். அது நன்றாகக் காய்ந்த பிறகு மார்க்கரால் இதழ் ஓரங்களில் தங்கக் கோடு இழுக்க வேண்டும். கல்யாணச் சீர்த்தட்டுகளில் ஒட்டுவதற்கு அவை போகும். போனில் பார்த்துப் பார்த்தே அன்புக்கரசி இதைக் கற்றுக்கொண்டாள். மூன்று மாதமாகச் செய்கிறாள். இந்த முறை நூறு ரோஜா, மயிலாப்பூர் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குள் கடையில் இருக்க வேண்டும். இது சரியாக வந்தால் இந்த சீசன் முழுக்க எல்லா ரோஜாவும் உனக்குத்தான், இல்லையென்றால் சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று ஜானு கறாராகச் சொல்லியிருந்தாள்.

இதைக் கேட்ட பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொன்னால் பொய். எல்லாமே தேவைக்கு மேல் ஓடின. சனிக்கிழமை மத்தியானம் மை காயும் முன்பே தங்க மார்க்கரை எடுத்துவிட்டாள். ஒன்றல்ல, இரண்டல்ல, அறுபது ரோஜா. சிவப்பும் தங்கமும் கலந்து சேற்று நிறத்தில் வழிந்தபோதுதான் புத்தி வந்தது.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் ரெசின் பழையபடி வெள்ளையாகிவிடும். ஆனால் கரைந்த மை அப்படியே விரலில் ஏறும். தோலில் ஊறிவிட்டால் ஸ்பிரிட்டுக்கும் போகாது, சோப்புக்கும் போகாது, சீயக்காய்க்கும் போகாது, நாலைந்து நாள் கிடக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஜோடி கிளவுஸ். மீன் விற்று முடித்துவிட்டு மீனவர் குப்பத்துக்குள் அப்போதுதான் நுழைந்திருந்த அம்மா தேசம்மாவை அவள் உதவிக்குக் கூப்பிட்டாள். கிளவுஸைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

ஏன் மாட்டிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜானுவிடம் அவள் தன் வீடு பெசன்ட் நகர் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஊரூர் குப்பம் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஒருமுறை ரோஜாப் பெட்டியைத் திறந்த ஜானு மூக்கைச் சுளித்து, "இதுல என்ன வாசனை?" என்று கேட்டபோது, கடல் காத்துல காயவெச்சேன்க்கா என்று கூசாமல் புளுகினாள். அன்றிலிருந்து ரோஜாப் பக்கம் அம்மாவை அண்டவே விடுவதில்லை. நகமெல்லாம் வெட்டி, கையைப் பள்ளிக்கூட டீச்சர் கை மாதிரி வைத்துக்கொண்டுதான் ஆழ்வார்பேட்டைக்குப் போவாள்.

தேசம்மா கையை மூன்று தரம் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து அறுபதையும் துடைத்துக் கொடுத்தாள். முடித்தபோது அவளுடைய பத்து விரலும் இரண்டாம் கணு வரை சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. மீன் அலம்புகிற கைதானே, தானாகப் போகும் என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முத்துமாரி வந்தாள். தேசம்மாவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு மீன் விற்பவள். ஐஸ் எடுக்க வந்த சாக்கில் வாசலில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள். தணிகாசலம் சார் வந்தாராம். அடுக்குமாடியில் குடியிருக்கிற, பேங்கில் ரிட்டயர் ஆனவர், பதினாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் தேசம்மாவிடமே மீன் வாங்குகிறவர். தேசம்மா வழக்கம்போல மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து காட்டியிருக்கிறாள். மீன் புதுசா பழசா என்பதற்குச் செவுளின் சிவப்புதானே சாட்சி. அவர் செவுளைப் பார்த்தார், அதைத் திறந்த சிவந்த விரலைப் பார்த்தார்.

"செவுளுக்குச் சாயம் பூசறியாம்மான்னு கேட்டுட்டாரு. நாலு பேரு நிக்க சொல்லோ கேட்டுட்டாரு. அப்டியே கூட்டம் கலஞ்சி போச்சி. உங்கம்மா வாயே தொறக்கல. பலகை நெறைய மீனு அப்டியே கீது," என்றாள் முத்துமாரி.

இது ரோஜாக்கு அடிச்ச மை என்று சொல்ல வேண்டியதுதானே என்று அன்புக்கரசி கேட்டாள். சொல்லியிருந்தால் மட்டும் யார் நம்புவார்கள், கையில் இருக்கிறது சிவப்பு, செவுளில் இருக்கிறது சிவப்பு என்று சொல்லிவிட்டு முத்துமாரி ஐஸோடு போய்விட்டாள்.

துடைத்த அறுபதையும் ராத்திரியே மறுபடி முடித்தாயிற்று, இன்னும் நாற்பது ரோஜா பாக்கி. அன்புக்கரசி கிளவுஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஒன்றுக்கு மை விட்டாள், எழுந்தாள், வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். செவுளைத் துடைத்துக் காட்டி நிரூபிக்கலாமா என்று யோசித்தாள். நல்ல மீனின் செவுளைத் துடைத்தாலும் துணியில் ரத்தம் சிவப்பாகத்தான் ஒட்டும், அதைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேர் ஓடுவார்கள். அம்மாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பெரிய சொத்து என்று தேசம்மாவுக்கு எதுவும் கிடையாது. தேசம்மா கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிற பேர்தான் சொத்து. அதை ஒரு ஜோடி கிளவுஸுக்காகத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, தன் மேலேயே கோபம் அதற்கு முந்திக்கொண்டு வந்தது.

பத்தே கால் இருக்கும். தட்டு, மை, மார்க்கர், ஸ்பிரிட், மிச்ச ரோஜாக்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கடலுக்குப் போகிற தெருவோரம் தேசம்மா ஈக்களை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவந்த விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துவைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அன்புக்கரசிக்கு மனசு விட்டுப்போயிற்று. பலகைக்குப் பக்கத்தில் கோணியை விரித்து உட்கார்ந்து ரோஜாக்களைப் பரப்பினாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்தே? நாறும்னு சொல்வியே," என்றாள் தேசம்மா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

அன்புக்கரசி கையோடு இருந்த கிளவுஸைக் கழற்றிக் கூடையில் போட்டாள். வெறும் கையால் ரோஜாவைப் பிடித்து மை விட்டாள். விரலில் வழிந்தது, வழியட்டும் என்று விட்டாள். மீன் கொழுப்பு பட்ட ஒரு ரோஜாவில் மை ஒட்டாமல் விலகி விலகி ஓடியது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடியும் விட்டாள். பத்தாவது ரோஜாவுக்குள் அவள் கையும் அம்மா கையும் ஒரே சிவப்பாகிவிட்டன.

தெருவில் போகிறவர்கள் நிற்காமல் இருப்பார்களா? மீன் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் ரோஜாவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தால் எவருக்கும் கால் நிற்கும். ஒரு அம்மாள் குனிந்து இது என்ன என்று கேட்டாள். கல்யாணத் தட்டுக்கு, நேத்து எங்கம்மாதான் துடைச்சிக் குடுத்துச்சு என்று அன்புக்கரசி நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். அந்த அம்மாள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அரைக் கிலோ சங்கரா வாங்கினாள். தேசம்மாவின் விரல்கள் தலைப்பை விட்டு வெளியே வந்தன.

பதினொன்றரைக்கு ஜானு போன் செய்தாள். எங்கே இருக்கிறாய், பின்னால் ஒரே சத்தமாக இருக்கிறதே என்று கேட்டாள். அன்புக்கரசிக்குப் பொய் நாக்கின் நுனி வரை வந்து நின்றது.

"ஊரூர் குப்பத்துல கீறேன்க்கா. இதான் எங்க வீடு இருக்கிற எடம். எங்கம்மா மீன் கடையில உக்காந்து பண்ணிக்கினு கீறேன். எல்லாத்தையும் சுத்தமா துடைச்சித்தான் கொண்டாருவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அன்புக்கரசி போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், ஆகவில்லை.

"ரெண்டு மணிக்கு என் கையில இருக்கணும்," என்றாள் ஜானு. "மத்ததை நேர்ல பாத்துப் பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டாள். மற்றது என்ன என்று அன்புக்கரசி தவித்தாள். ஆனாலும் இந்தத் தடவை மை காய்கிற வரை மார்க்கரைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் தணிகாசலம் மறுபடியும் வந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும். ரோஜாக்களைப் பார்த்தார், மகள் கையைப் பார்த்தார், தாய் கையைப் பார்த்தார். தப்பு என்று வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கொடுவா ஒன்றைக் காட்டி அதைப் போடச் சொல்லிப் பையை நீட்டினார். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகச் செவுளைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.

தேசம்மா மீனைக் கையில் எடுத்தாள். பையில் போடவில்லை.

"பாத்துட்டு எடுத்துனு போ சார்."

"இருக்கட்டும்மா, உன்னைத் தெரியாதா எனக்கு?"

"காலைல தெர்லியே. பாரு."

சொல்லிவிட்டுச் சிவந்த விரலாலேயே செவுளைத் தூக்கினாள். அவர் குனிந்து பார்த்தார். சுற்றி நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஈரமாகப் பளபளத்த சிவப்பு வேறு, விரலில் வறண்டு கிடந்த சிவப்பு வேறு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். தணிகாசலம் தலையை ஆட்டி, மீனை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

தேசம்மா தண்ணீர் விட்டுக் கையை அலம்பினாள். எத்தனை பாக்கி என்று கேட்டாள். பதினொன்று என்றாள் மகள். தேசம்மா கூடைக்குள் கிடந்த கிளவுஸைச் சிவந்த விரல் நுனியால் எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"இத்த மாட்டிக்க. அந்தக் கடைக்காரப் பொண்ணு உன் கைய பாக்குமே."

"பாக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு அன்புக்கரசி அடுத்த ரோஜாவை எடுத்தாள்.