சொந்தபந்தமே கடை

அந்தக் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் டாக்டருக்கு முன்னால் பெரியவளுக்குத்தான் போன் போகும். பிரசவமோ, எலும்பு முறிவோ, கண் ஆபரேஷனோ, பிளாஸ்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் துண்டை விரித்துப் படுப்பாள். நர்சுகளோடு சண்டை போடுவாள், அவர்களோடே சமாதானமாகி, கிளம்பும்போது சொல்லிக்கொண்டும் வருவாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன், "எங்க வீட்டு ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு, இனிமே எனக்கு ஓட்டல் சாப்பாடுதான்" என்று கிண்டல் செய்வான். ஆனால் அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டே பெண்களாகப் பிறந்த வீடு. பெற்றவர்கள் போன பிறகு பெரியவளுக்குச் சின்னவள், சின்னவளுக்குப் பெரியவள் என்று ஆகிவிட்டது. சின்னவள் துணி ஃபேக்டரி ஒன்றில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். பேச்சு குறைவு. அக்கா எது கொடுத்தாலும் கை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

பெரியவளை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனவள் பக்கத்துத் தெரு டீச்சர். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் எல்லோருக்கும் டீச்சர்தான். மாடியில் ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் டை கட்டிய ஒருவர். மேஜை மேல் பச்சை மூடி போட்ட சத்துப் பவுடர் டப்பாக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன.

"ஒரு பொருள் ஃபேக்டரியிலேர்ந்து உங்க சமையலறைக்கு வர்றதுக்குள்ள எத்தனை கை மாறுது?" என்று ஆரம்பித்தார் அவர். "ஏஜென்சி, மொத்தக் கடை, சில்லறைக் கடை. போதாக்குறைக்கு டிவி விளம்பரம். அத்தனை பேரோட பங்கையும் கடைசியில நீங்கதான் தர்றீங்க. எங்க கம்பெனி அந்த வழியே வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சு. எங்களுக்குக் கடை கிடையாது. விளம்பரம் கிடையாது. எல்லாரும் ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க. நாளைக்கு உங்க வீட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா யார் யார் ஓடி வருவாங்க? ஒவ்வொரு முகமா நினைச்சுப் பாருங்க."

பெரியவள் கண்ணை மூடினாள். முகங்கள் வந்துகொண்டே இருந்தன. மற்றவர்கள் கண்ணைத் திறந்து கழுத்தைச் சொடுக்கிக்கொண்ட பிறகும் அவளுக்கு முடியவில்லை. டீச்சர் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அவங்கதான் உங்க கடை" என்றார் டை கட்டியவர். ஹால் முழுக்கக் கைதட்டல்.

ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. முதலில் தானே குடித்துப் பார்த்தாள். முழங்கால் வலி குறைந்த மாதிரித்தான் இருந்தது. நல்ல பொருள், அதை நம் ஆட்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது என்று தோன்றியது. கஞ்சி பிளாஸ்க் போன பையில் டப்பாவும் போக ஆரம்பித்தது. உடம்பு சரியில்லாத வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? தங்கள் படுக்கை ஓரத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்பார்கள்? சில மாதங்களிலேயே அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

மேலே போகப் போக, விற்றால் மட்டும் போதாது, தனக்குக் கீழே ஆட்களைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். கொழுந்தன் மனைவியைச் சேர்த்தாள். அந்த ஓரகத்தி அரைக் கிலோ வெங்காயத்துக்குக்கூடப் பேரம் பேசத் தெரியாதவள். "அக்கா சொன்னாச் சரிதான்" என்று தலையாட்டினாள். யாரிடமும் விற்க வாய் வராமல், மாதாமாதம் விற்க வேண்டிய அளவைத் தானே வாங்கிக் கணக்கை நேர் செய்தாள். ஒருநாள் துடைப்பம் தேடப்போன பெரியவள் கட்டிலுக்கடியில் பார்த்தாள். பெட்டிக்குப் பின்னால் பச்சை மூடிகள் வரிசையாக, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. நிமிர்ந்து, "துடைப்பம் எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முழுக்க ஏதோ நெருடியது. அடுத்த மாதமும் ஓரகத்திக்கு டப்பா போனது.

சின்னவள் அப்போதுதான் சோர்வு என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். முதுகு வலிக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, தாவணி போட்ட வயசில் இருந்த உடம்பாக இளைத்துவிட்டேன் என்றாள்.

"நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தா இளைக்காம என்ன பண்ணும்? இதை ரெண்டு வேளை குடி. குதிரை மாதிரி ஆயிடுவே" என்றாள் பெரியவள்.

அதன்பின் போனில் கேட்கும்போதெல்லாம், "நல்லா இருக்கு அக்கா" என்றே பதில் வந்தது. பெரியவள் அதைப் போகிற இடமெல்லாம் சொன்னாள். "எங்க தங்கச்சி துவண்டு கிடந்தா, இப்ப தெம்பா வேலைக்குப் போறா." கேட்டவர்கள் வாங்கினார்கள்.

கம்பெனிக்குப் பேர் பரவியது. பெரியவளைப் போன்ற ஆயிரம் பேர் வீடு வீடாகப் போய் ருசியைப் பழக்கிவிட்டிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அதே பச்சை மூடி டப்பா மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பெரியவள் கொடுத்ததைவிடக் குறைந்த விலை. கூடவே கலக்கிக் குடிக்க ஒரு குவளை இலவசம்.

அதை முதலில் பார்த்தவள் ஓரகத்திதான். சண்டைக்கு வரவில்லை. போனில் மெதுவாகத்தான் கேட்டாள்: "அக்கா, எங்ககிட்ட மட்டும் ஏன் கூட?"

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா" என்றாள் பெரியவள். சொல்லும்போதே, இதை நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மாடி ஹாலுக்கு ஓடினாள். டை கட்டியவர் சிரித்த முகம் மாறாமல் விளக்கினார். "காலம் மாறுதும்மா. பொருள் எல்லா வழியிலயும் போகணும். நீங்க காட்டுல நடந்து நடந்து பாதை போட்டுக் குடுத்தீங்க. இப்ப அதுல லாரி போகுது. நீங்க பெருமைப்படணும்."

"நடந்தது எங்க வீட்டு ஆளுங்க மேல சார்" என்றாள் பெரியவள். அவருக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நாலு வார்த்தை பதில் சொல்லி அழுது முடித்திருப்பாள். போன் குறைந்தது, அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரி குழந்தையைத் தேடுவது போல எழுந்து போனாள். பெரியப்பா மகனுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்த பிறகுதான் சேதியே வந்தது. "ஆம்புலன்ஸ் ஷெட்டுல நின்னுடுச்சு போல" என்று கணவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தோடு அந்தக் கேலியை விட்டுவிட்டான். சின்னவளும் "வேலை ஜாஸ்தி அக்கா" என்று இரண்டு வார்த்தையில் போனை வைத்தாள். ஊரோடு சேர்ந்து இவளுக்கும் கோபம்போல, ஆறட்டும் என்று பெரியவள் விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை வேறு ஏதோ கேட்க ஓரகத்திக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக அவள், "ஆஸ்பத்திரில சின்னக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றாள். "எந்த ஆஸ்பத்திரி?" என்று பெரியவள் கேட்டதும் ஓரகத்திக்கு நாக்குக் குழறியது. "அக்கா, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சு..."

எதை எடுத்தோம், எதைப் பூட்டினோம் என்று தெரியாமல் கிளம்பினாள். பழக்கத்தில் தோளில் பெரிய பை மட்டும் ஏறியிருந்தது.

வார்டு வாசலில் சின்னவளின் கணவன் நின்றிருந்தான். அவன் கண் முதலில் அவள் முகத்துக்குப் போகவில்லை, பைக்குப் போனது. பெரியவள் அந்த இடத்திலேயே பையைத் திறந்து விரித்துக் காட்டினாள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, காலி பிளாஸ்க்.

"ஐயோ, அதுக்கில்ல அக்கா" என்றான் அவன். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "கணையத்துல கேன்சர். பரவிடுச்சுங்கறாங்க. டாக்டர்கிட்டப் போலாம் வான்னு நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அக்கா குடுத்ததைக் குடிக்கிறேன், சரியாயிடும்னு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திட்டா."

பெரியவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

கட்டிலில் சின்னவள் ஒரு மடித்த போர்வை அளவுக்குத்தான் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா வந்துடுவே."

"வரக்கூடாதா நான்?"

"வந்தா டப்பாவோட வருவே. நீ குடுத்தா எனக்கு வேண்டாம்னு சொல்ல வராது அக்கா. சின்ன வயசுலேர்ந்தே வராது. இப்ப தண்ணியே இறங்க மாட்டேங்குது. உன் மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சே நாள் போயிடுச்சு."

"அப்ப, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு போன்ல சொன்னதெல்லாம்?"

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்டே" என்றாள் சின்னவள்.

அன்று மாலை பெரியவள் டாக்டரின் அறை வாசலிலேயே காத்திருந்து அவரை மடக்கினாள். முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நேராகவே கேட்டாள். இந்த வியாதி அப்படித்தான், தெரியும்போதே முற்றித்தான் இருக்கும் என்றார் அவர். "முன்னாடி வந்திருந்தாலும் பெரிசா வித்தியாசம் இருந்திருக்காதுன்னுதான் நினைக்கிறேன். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது." அந்த முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பகலைத் தள்ளினாள். படுத்தால் இரண்டாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசி வரை அங்கேயே இருந்தாள். உதட்டில் பஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தாள், காலைப் பிடித்துவிட்டாள், உதிர்ந்து மெலிந்து போன தலைமுடியைச் சீவினாள். வலி கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு மத்தியானம் சின்னவள் கேட்டாள், "என் கதையைச் சொல்லி எத்தனை டப்பா வித்தே?"

அது இவள் காது வரை வந்திருக்கிறது. "நிறைய வித்தேன்டி."

"அப்ப என் கமிஷனை எடு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் சின்னவளுக்கு வலி வந்துவிட்டது. நர்சைக் கூப்பிட்டு ஊசி போட்டு அவள் கண்ணயர்ந்த பிறகு, பெரியவள் பாத்ரூமில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வாரமே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மாடி ஹாலில் கண்ணை மூடியபோது வந்த அத்தனை முகமும் அந்தச் சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பெரியவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கை சும்மா இருந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது. தட்டில் தண்ணீர் டம்ளர்களை வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தாள். மூலையில் அழுதுகொண்டிருந்த சித்தி, தன் முன்னால் ஒரு டம்ளர் நீள்வதையும் நீட்டுவது யார் என்பதையும் பார்த்தவள், யோசிக்காமலே, "எங்க வீட்டுல இருக்கும்மா, வேண்டாம்" என்றாள்.

"தண்ணிதான் சித்தி" என்றாள் பெரியவள்.

சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அலறி அழுதாள். சின்னவளுக்காகவா, அந்த வார்த்தைக்காகவா என்று சித்திக்கே தெரிந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் போன் செய்தாள். கம்பெனி இப்போது செல்போனிலேயே ஆர்டர் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறது, பழைய ஆட்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

"என் தங்கச்சி போயிட்டா டீச்சர்."

"எந்தத் தங்கச்சி? குடிச்சு நல்லாயிட்டான்னு..." என்று ஆரம்பித்து டீச்சரால் முடிக்க முடியவில்லை. போன் வழியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என் மருமக என் போனை எடுத்து ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் கடைசியில். "பேத்தியோட பேசணும்னுதான் கூப்பிடறேன். அவளுக்கு அது எப்படித் தெரியும்?"

அதோடு போனை வைத்தார்கள். பெரியவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கம்பெனியை விட்டாள். விட்டதைக் கவனிக்கவும் அங்கே ஆளில்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பை எதுவும் எடுக்காமல் ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். கதவு பாதி திறந்து, அப்புறம் முழுசாகத் திறந்தது. "வாங்க அக்கா." டீ வந்தது. மழை, கொழுந்தனின் ரத்த அழுத்தம், புதிதாகக் குடிவந்த மாடி வீட்டுக்காரர் போடும் சத்தம் என்று பேசினார்கள். ஓரகத்தி எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். ஆனால் பேச்சு ஓயும்போதெல்லாம் அவள் கை புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. இன்னும் விஷயத்துக்கு வரவில்லையே என்று காத்திருக்கிறாள் என்பது பெரியவளுக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்து செருப்பை மாட்டினாள்.

"வேற ஏதாவது விஷயமா வந்தீங்களா அக்கா?" என்றாள் ஓரகத்தி வாசலில். கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா உன்னைப் பார்க்கத்தான்."

"ஓ" என்றாள் ஓரகத்தி.

பெரியவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும், அதற்கடுத்ததும் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.