ஒன்று எங்கிருந்து

ஆறாவது முறையும் அந்தச் சுரவரிசை வீடு திரும்பவில்லை. தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அவள் காது கொடுத்தாள். சன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, குட்டி கிதார் போன்ற யுகுலேலேயை மார்போடு அணைத்துக்கொண்டு புருஷன் மீட்டிக்கொண்டிருந்தான். ஐந்து சுரம் ஏறி, ஆறாவதாக முதல் சுரமே உச்சத்தில் வந்து நிற்க வேண்டும். பயிற்சித் தாளின் அடியில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. இவன் வாசித்ததோ ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொஞ்சம் கீழேயே நின்றுபோனது, தும்மல் வரப்போய் வராமல் போன மாதிரி.

"என்ன ஸ்கேலுங்க இது? எண்ணெய் காணாத கதவு மாதிரி முனகுது."

"அஞ்சு சுரம் மட்டும் உள்ளது. அபூர்வமா இருக்கும். பழகினா சரியாயிடும்."

"தாள்ல 'முதல் வாரத்துக்கு எளிய பயிற்சி'ன்னுல்ல போட்டிருக்கு?"

"நீ உன் காஜாத் தையலைப் பாரு."

பத்தொன்பது நாளாக அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். அவள் தம்பி இந்த வாத்தியத்தைக் கொண்டுவந்து போட்டான். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்கு எதையும் முறையாகச் செய்துதான் பழக்கம். காலையில் முக்கால் மணி நேரம், ஒவ்வொரு சுற்றுக்கும் தாளில் ஒரு கோடு.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், கரண்ட் நிறுத்திய ஒரு எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில் அவன் இருந்தான். லிஃப்டைக் கையால் இறக்கி நிறுத்திவிட்டு, அது எந்த மாடியில் நிற்கிறது என்று போனில் கூட்டாளிக்குச் சொன்னான். எல்லாரும் மீசை என்று கூப்பிடும் அந்த மனிதர் மாடியில் லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கனத்த மோட்டாரைத் தன் பக்கம் இழுத்தபடி பின்னாலேயே நடந்து உள்ளே கால் வைத்தார். லிஃப்ட் நின்றது இரண்டாம் மாடியில். அவர் திறந்தது மூன்றாம் மாடிக் கதவு. ஒரு மாடி உயரம்தான். மோட்டாரும் கூடவே விழுந்தது.

'ரெண்டுன்னுதான் சொன்னேன்' என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். சொன்னதை நம்பவும் நம்பினான். ஆபீஸில் அறிக்கை தட்டச்சாகி இருந்தது: இறந்தவருக்குக் காது மந்தம், தவறாகக் கேட்டுவிட்டார். இன்று பதினொரு மணிக்கு இவன் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று மீசையின் மனைவி போன் செய்தாள். "அவருக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருக்காங்களாமேண்ணே? நான் அடுப்படியில முணுமுணுத்தாக்கூட வாசல்லேர்ந்து பதில் பேசுவாரே!" இவன், "பார்க்கலாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் எழுந்து வந்து தாளை எடுத்தாள். வெறும் வட்டம் போட்ட இடத்தில் தந்தியைத் தொடாமல் மீட்ட வேண்டும். எண் போட்ட இடத்தில், வாத்தியத்தின் கழுத்தில் அத்தனையாவது கட்டத்தில் தந்தியை அழுத்த வேண்டும். தாளில் இரண்டு என்றிருந்தது. அவன் விரல் முதல் கட்டத்தில் இருந்தது. மூன்று என்ற இடத்தில் இரண்டில்.

இந்தத் தப்பு அவளுக்கு அத்துப்படி. டேப்பின் நுனி தேய்ந்துபோனால் ஒன்றிலிருந்து பிடித்துத் துணியை அளப்பார்கள். கடைசியில் ஒன்றைக் கழிக்க மறந்தால் துணி ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். அப்படி ஒரு சட்டையை அவள் பாழாக்கியிருக்கிறாள்.

"என்னங்க, ரெண்டாவது கட்டத்தை எண்ணிக் காட்டுங்க."

கழுத்தின் மேல்முனையில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டையில் விரல் வைத்தான். "ஒண்ணு." அடுத்ததில் வைத்தான். "ரெண்டு."

"அந்தப் பட்டை எப்படிங்க ஒண்ணாகும்?"

"தரைத்தளம்தானே ஒண்ணு" என்றான், குழந்தைக்குச் சொல்வது போல. சிரிப்பு பாதி வந்தது. மீதி வரவில்லை.

பழைய கம்பெனியில் தரைத்தளம் ஒன்று. பதினோரு வருஷம் அப்படித்தான் எண்ணினான். இந்தக் கம்பெனியில் அது பூஜ்யம். "தரையையும் மாடியில சேக்கிறவன் நீ ஒருத்தன்தான்யா. உன்கூட வந்தா ஒரு மாடி இலவசம்" என்று மீசை முதல் வருஷம் முழுக்கக் கிண்டலடித்தார்.

"அந்தப் பழக்கத்தை விட்டு ஏழு வருஷமாச்சு" என்றான்.

"நீங்க விட்டீங்க. விரல் எங்க விட்டுச்சு?" அவள் குரல் இறங்கியது. "அன்னைக்கு எந்த மாடின்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?"

"கரண்ட் இல்லையே. கயித்துல மாடிக்கு ஒரு வர்ணக் கோடு இருக்கும். அதை எண்ணி…"

"தரைத்தளக் கோட்டை என்னன்னு எண்ணினீங்க?"

அவன் விரல் மறுபடி அந்த வெள்ளைப் பட்டையைத் தொட்டது. தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று என்று சொன்ன தன் குரல் இப்போதுதான் அவனுக்கே கேட்டது போலிருந்தது.

"நான் வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது" என்றான் கடைசியில்.

"தெரியாதுதான்."

அவள் மெஷினில் போய் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை. மணி பத்தாகப் பத்து நிமிஷம். அவன் யுகுலேலேயைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். முதல் மணியிலேயே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்கண்ணே." மீசையின் மனைவி. "நல்லா கேக்குது, சொல்லுங்க."

அவன் வாய் திறந்திருந்தது. சுவரில் ஊன்றிய இடது கையின் விரல் நுனிகளில் தந்தி பதிந்த பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பி, மறுபடி வெறும் தோலாகிக்கொண்டிருந்தன.