குறுக்குக் கம்பி வைத்த ஈட்டி

கஜந்தினி ரோமர் கூட்டத்தில் சேர்ந்து மூன்று வருடமாகியும் ஒருநாள்கூட வாளைத் தொட்டதில்லை. கோடைகாலத்து ஞாயிறுகளில் அந்தக் கூட்டத்தார் கவசமும் கேடயமுமாகப் புல்வெளிகளில் இறங்கி, பார்க்க வருகிறவர்களுக்கு ரோமர் காலத்துப் போர்களை நடித்துக் காட்டுவார்கள். கஜந்தினி கூடாரத்தடியிலேயே நின்று பருப்புக் கூழ் காய்ச்சுவாள். படையில் சேரவில்லையா என்று யாராவது கேட்டால், "எங்கட சனத்துக்கு அது ஒருக்காப் போதும்" என்று சிரித்து மழுப்பிவிடுவாள். உண்மையில் அவளுக்கென்று போர் ஞாபகம் எதுவும் கிடையாது. ஆறு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டவள். வளர்ந்ததும் படித்ததும் ஜேர்மனியில், டோர்ட்முண்ட் நகரில். கல்யாணம் முடித்த பிறகுதான் கணவனோடு லண்டனுக்கு வந்தாள்.

குழாய் திருத்தும் வேலை செய்கிற அவள் கணவன் வாமதேவன் ஆரம்பத்திலிருந்தே பகிடி பண்ணிக்கொண்டிருந்தான்.

"சனம் சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தது. என்ர மனுசி சந்தா கட்டிச் சண்டைக்குப் போறா!"

"நான் சண்டைக்குப் போகேல்லை. இந்த முறை பன்றி வேட்டை."

அது மெய்தான். கூட்டத்தின் தலைவி பியற்றிஸ், அறுபது கடந்த வெள்ளைக்காரப் பெண்மணி, அந்த வருடம் ரோமரின் காட்டுப்பன்றி வேட்டையை நடத்திக் காட்டுவதென்று தீர்மானித்திருந்தாள். வேட்டைக்கு ஈட்டி வேண்டும். கடையில் வாங்கும் பொம்மை ஈட்டிகள் பியற்றிஸுக்கு ஆகாது. "நான் செய்யிறன்" என்று கஜந்தினி சொல்லிவிட்டு, தானே திகைத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலை அவளுக்கு. சம்மட்டி பிடித்துப் பழக்கமில்லை.

சனிக்கிழமைகளில் லண்டனின் மிச்சம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போய்ப் பழகத் தொடங்கினாள். முதல் இரண்டு அலகுகள் நெருப்பில் கருகி வெடித்தன. மூன்றாவது தேறியது. மாவிலைபோல நீண்டு, நடுவில் நரம்பு ஓடி, அடியில் காம்பு நுழையக் குழலோடு கூடிய அலகு. ஆஷ் மரத்தில் காம்பு இழைத்து, ஆணி அறைந்து பூட்டி, கோலியர்ஸ் வுட்டில் இருந்த தங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்த பின்னேரம், வாமதேவன்கூடப் பகிடியை மறந்து தடவிப் பார்த்தான்.

"நல்லாய்த்தான் செய்திருக்கிறீர்."

"இஞ்ச வாங்கோ, இதை ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. தூர நிண்டு பாத்தால்தான் நீளம் சரியோ எண்டு தெரியும்."

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் அவன் ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து, வேலியை நோக்கி நின்றான். அவள் அளவு நாடா எடுக்க உள்ளே போனாள். அது சமையலறை லாச்சியிலும் இல்லை, படிக்குக் கீழேயும் இல்லை. தேடிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ ஆங்கிலத்தில் பேசும் சத்தம் கேட்டது.

பின்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மேல்மாடி யன்னலால் பார்த்துப் பயந்து பொலிஸுக்குப் போன் அடித்திருந்தார்கள். தோட்டத்தின் பக்கக் கதவால் வந்த இரண்டு பொலிஸ்காரரும் மரியாதையாகத்தான் நின்றார்கள். ஒருத்தி இளம் பெண். "சேர், அதைக் கீழே வைக்கிறீர்களா?" என்று மட்டும்தான் கேட்டாளாம்.

கஜந்தினி ஓடி வந்து பார்த்தபோது ஈட்டி புல்லில் கிடந்தது. வாமதேவன் ஈரத்தரையில் முழங்காலில் இருந்தான். இரண்டு கைகளும் பிடரியில் கோத்தபடி. தலை குனிந்தபடி. அந்தப் பொலிஸ்காரி, "தயவுசெய்து எழும்புங்கள், அப்படி இருக்கத் தேவையில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் காதில் அது ஏறவில்லை. சிங்களவர் ஐயா என்று அழைப்பதுபோல "மாத்தையா, மாத்தையா" என்றான். பிறகு அவன் வாயிலிருந்து கடகடவென்று சிங்களம் வந்தது.

இருபத்திரண்டு வருடம் கூடி வாழ்ந்தவளுக்கு அவனுக்குச் சிங்களம் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் பக்கத்தில் குந்தியிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "இஞ்ச பாருங்கோ. நான் கஜந்தி. வீட்டிலதான் நிக்கிறியள்." கொஞ்ச நேரம் சென்றுதான் அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பொலிஸ்காரரைப் பார்த்தான். வெட்கத்தில் முகம் கறுத்துவிட்டது.

விளக்கம் சொல்வது சுலபமாக இருந்தது. கூட்டத்தின் படங்களைக் கைபேசியில் காட்டினாள். பொலிஸ்காரி வாசல்வரை போனவள் திரும்பி வந்து, வாமதேவனிடம் தனியாக ஒருமுறை மன்னிப்புக் கேட்டாள். அவன் "நோ ப்ரொப்ளம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் கஜந்தினியால் முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பகிடி நின்றுபோனது. அவன் வேலைக்குப் போனான், வந்தான், செய்தி பார்த்தான். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு அவன் எதிரில் வந்து இருந்தாள்.

"ஈட்டியைப் பியற்றிஸிட்டக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். இனி அங்க போகேல்லை."

"ஏன்? அது பன்றிக்குச் செய்த சாமான். என்னை அது ஒண்டும் செய்யேல்லை."

அவள் கோப்பையை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். அவன்தான் தொடர்ந்தான்.

"குத்தினால் பன்றி அதில விழுந்திடுமோ?"

"உடன விழாது. குத்தினவன்ர பக்கம்தான் தள்ளிக்கொண்டு வருமாம். ஈட்டி உடம்புக்குள்ளால போகப் போக அது கிட்டக் கிட்ட வரும். அதுக்காகத்தான் சில ஈட்டியில அலகுக்குக் கீழ குறுக்க ஒரு கம்பி வைப்பாங்கள். அதுக்கு மேல வர ஏலாது."

"உம்மட ஈட்டியில அதைக் காணேல்லை."

"நாங்கள் பாத்துச் செய்யிற ரோமர் காலத்துப் படத்தில அது இல்லை. படத்தில இல்லாததைச் சேர்க்கக் கூடாதெண்டு பியற்றிஸ் சொல்லுறா."

"படம் கீறினவன் பன்றிக்கு முன்னால நிண்டவனோ? கம்பியைப் போடும்."

பியற்றிஸோடு அவள் முதன்முறையாக வாதாடினாள். வேறு ஓவியங்களில் கம்பி இருக்கிறது, வேட்டைக்காரர் அதை அறிந்துதான் இருந்தார்கள் என்றாள். பியற்றிஸ் இரண்டு நாள் யோசித்துவிட்டு, இந்த ஒரு ஈட்டிக்கு மட்டும் சம்மதித்தாள். கஜந்தினி மறுபடி பட்டறைக்குப் போய், இரும்பைக் காய்ச்சி, குழலின் இரு பக்கமும் கை நீட்டியதுபோல ஒரு கம்பியைப் பொருத்தினாள்.

ஒத்திகை, மோர்டனுக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையின் சரிவில் நடந்தது. வாமதேவன் தானும் வருகிறேன் என்றது அவளுக்கு ஆச்சரியம். ஆனால் வந்தவன் கார் நிறுத்துமிடத்திலேயே நின்றுகொண்டான். சரிவின் கீழே படைவேடம் போட்ட பத்துப் பதினைந்து பேர் உருவிய வாளும் ஈட்டியுமாக இரண்டு வரிசையில் நின்றார்கள். "நான் இஞ்சயே நிக்கிறன். நீர் போம்" என்றான்.

பன்றி என்பது சக்கரம் பூட்டிய ஒரு பலகை. மேலே வைக்கோலும் மணல் மூட்டைகளும் கட்டி, பழைய மாட்டுத்தோலால் போர்த்தியிருந்தார்கள். கஜந்தினி ஈட்டியின் அடியை மண்ணில் ஊன்றி, காலால் மிதித்து, குனிந்து நின்றாள். மேலே கயிற்றை விட்டார்கள்.

மழை பெய்த புல் வழுக்கும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் அது இறங்கி வந்தது. அலகு தோலைக் கிழித்து வைக்கோலுக்குள் புதைந்தது. ஆனாலும் வண்டி நிற்கவில்லை. பிறகு குறுக்குக் கம்பி பலகையில் அடித்த சத்தம் பண்ணை முழுக்கக் கேட்டது. கம்பியின் ஒரு பக்கம் வளைந்தது. காம்பு வில்லாக வளைந்து நடுங்கியது. கஜந்தினி மல்லாக்க விழுந்தாள். வண்டி அவள் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"கஜந்தி!"

வாமதேவன் வந்துகொண்டிருந்தான். கயிற்று வேலியைத் தாண்டி, இரண்டு வரிசைக்கும் நடுவால், வாள்களைத் தோளால் இடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஒரு கேடயம் உருண்டு போனது. வந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்தான்.

"எங்க பட்டது? சொல்லும்! எங்க பட்டது?"

"ஒண்டுமில்லை. முதுகுதான் நோகுது."

"விசரி! உமக்கு விசரோ? இந்த வயசில பன்றி!" என்று ஏசினான். ஏசிக்கொண்டே அழுதான். பியற்றிஸ் வளைந்த கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே புல்லில் இருந்துவிட்டாள். மற்ற ஈட்டிகளுக்கும் கம்பி வைத்த பிறகுதான் வேட்டை என்று அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

திரும்பும்போது முதுகு நோவையும் பாராமல் கஜந்தினிதான் காரை ஓட்டினாள். அவன் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

"உவ்வளவு பேர் வாளோட நிண்டவங்கள். நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றான் திடீரென்று.

"ஓம். நான் கண்டன்."

"பைப் வேலை நான் ஜேர்மனியில பழகினதெண்டு உமக்குச் சொன்னனான். அது பொய்."

அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"பதினெட்டு வயசில ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். தெற்கில ஒரு முகாம். ஒவ்வொரு நாளும் காலமை முழங்கால்லதான் இருத்தி வைப்பாங்கள். அங்க தண்ணிக் குழாய் திருத்துற ஒரு சிங்களவர் இருந்தவர், வயசான மனுசன். ஒருநாள் என்னைக் காட்டி, இந்தப் பெடியன் எனக்கு வேலைக்கு வேணுமெண்டு கேட்டார். ஏன் என்னைக் கேட்டவரெண்டு இண்டைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு நான் முழங்கால்ல இருக்கேல்லை. அவருக்குப் பின்னால குழாய் திருகுற சாவியைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன். அவர்தான் சிங்களமும் பழக்கினவர், வேலையும் பழக்கினவர்."

"ஏன் எனக்கு இதுவரைக்கும் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? முகாமைச் சொன்னால் எல்லாரும் அடி உதையைத்தான் கேப்பினம். அதுவும் நடந்தது. ஆனால் எனக்குச் சோறு போடுற தொழிலையும் அங்கதான் தந்தவங்கள். ரெண்டையும் ஒரு வாயால சொல்ல எனக்குத் தெரியேல்லை."

அந்தச் சிங்களவரின் பெயரைக் கேட்டாள். அவன் சொன்னான். சொல்லிவிட்டு, அந்த மனிதர் மத்தியானத்தில் பலாக்காய்க் கறியை எப்படிப் பங்கு வைப்பார் என்று சொல்லத் தொடங்கினான்.

வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. கஜந்தினி காரைத் திருப்பவில்லை. அவன் கவனிக்காமல் கதைத்துக்கொண்டே இருந்தான். அவள் நேரே ஓட்டினாள்.