படித்த நேரம்

காபி டம்ளரை நீட்டும்போதே மாமியார் கேட்டுவிட்டார், தனியாக வீடு பார்க்கிறீர்களாமே என்று. இளைய மருமகளுக்கு முகம் வெளிறிப்போனது. அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது. வீடு தேடியதெல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில்.

பஸ்ஸில் போகும்போதுதான் பொறி தட்டியது. அலுவலகத்தில் எல்லோருடைய இணையப் பக்கங்களும் ஒரு ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் வரும். அடிக்கடி கேட்கும் பக்கங்களை அது தன் டிஸ்க்கிலேயே சேர்த்துவைக்கும்; அதற்குக் கேஷ் என்று பெயர். யார் எதைத் திறந்தார்கள் என்றும் லாக் ஃபைல்களில் குறித்துவைக்கும். அதை அமைத்தவள் அதே அலுவலகத்தில் இருக்கும் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள். இவள் அவளுக்கு உதவியாள்.

மூத்தவள் பல் பிடுங்கப் போயிருந்தாள். இவள் சர்வருக்குள் நுழைந்து, அந்த லாக் ஃபைல்கள் கடைசியாக எப்போது படிக்கப்பட்டன என்று பார்த்தாள். மூன்று மாதமாக ஒன்றையும் யாரும் தொடவே இல்லையாம். நம்பும்படியாகவா இருக்கிறது? டிஸ்க்கைப் பிரித்து, கேஷுக்கு ஒரு பார்ட்டிஷன், லாகுக்கு ஒரு பார்ட்டிஷன். இரண்டையும் சர்வரோடு இணைக்கும் மவுன்ட் வரிகளில் ‘நோஏடைம்’ என்றிருந்தது. படித்த நேரத்தைக் குறிக்காதே என்று அர்த்தம்.

தான் படித்த தடயமே விழாமல் செய்திருக்கிறாள், அமுக்குணி. இவள் இரண்டு வரிகளையும் மாற்றி, படிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறிக்கச் செய்தாள்.

அரை மணி நேரத்தில் போன் மேல் போன். பக்கங்கள் நத்தையாய் நகர்ந்தன. வீங்கிய கன்னத்தோடு வந்த மூத்தவள் இரண்டே நிமிடத்தில் பழையபடி ஆக்கினாள்.

"ஒவ்வொரு தடவை படிக்கறப்பவும் நேரத்தையும் எழுதச் சொன்னா, இந்தக் கிழட்டு டிஸ்க் என்னதான் பண்ணும்?"

"கேஷுக்கு சரி. லாகுக்கு எதுக்குக்கா?"

மூத்தவள் கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பழக்கதோஷம், ரெண்டுக்கும் போட்டுட்டேன். நீ வீடு தேடறது எனக்குத் தெரியும். லாக் நிரம்பினப்ப கண்ணுல பட்டுது. ஆனா அத்தைகிட்ட மூச்சு விடலை. உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு."

சாயங்காலம் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். அம்மா முகத்தைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லையாம்.

மறுநாள் அவள் மூத்தவளிடம் மன்னிப்புக் கேட்டாள். மூத்தவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

"அந்த மாடி வீடு வேண்டாம்," என்றாள். "படுக்கையறைக்கு ஜன்னலே இல்லை."

இவள் தேடிய வீடுகளின் படங்களில் எத்தனையைத் திறந்து பார்த்திருக்கிறாள்! இளையவளுக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் முழுசாய்ப் போகவில்லை. அதற்குப் பிறகு வீடு தேடுவதை அவள் தன் போனிலேயே வைத்துக்கொண்டாள்.